சிப்பிக்குச் சுற்றிய பரிவட்டம்

நாயகம், அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் இங்கே திடமாக இருக்கிறோம். நீ நினைத்துக்கொண்டிருப்பதைவிடத் திடமாகவே இருக்கிறோம். உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. மாசக் கடைசியில் மீன்துறை வேலையை விட்டுவிடுகிறேன், பெரியப்பா பார்த்து வைத்திருக்கிற தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலைக்கே வந்துவிடுகிறேன், என்னால் அம்மா யார் முன்னாலும் தலைகுனிய வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். முதலில் படித்தபோது அழுகை வந்தது. மறுபடி படித்தபோது கோபம்தான் வந்தது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை, ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீ வரக்கூடாது. இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் வாசித்துக் காட்டு. இங்கேயும் கேட்கிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்க்கப்போகிறேன். ஒளித்து வைக்க இதில் ஒன்றும் இல்லை.

நீ படித்து முடித்து, நாகர்கோவிலுக்கும் அப்பால் கடற்கரையில் சிப்பி வளர்க்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றபோது, இந்த வீட்டில் யாருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. முட்டைகூட வாசற்படி தாண்டாத வீடு இது. உன் அப்பா எறும்புக்கு மாவு தூவிவிட்டு ஆபீசுக்குப் போகிற மனிதர். ‘வளர்த்து என்னவே செய்வாங்க?’ என்று கேட்டார். ‘திம்பாங்கப்பா’ என்று நீ சொன்னாய். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான்தான் உன்னைக் குடைந்து குடைந்து கேட்டேன். அந்தக் கடல் எப்படி இருக்கும், யார் அங்கே என்ன வேலை செய்கிறார்கள், இவன் நடுவில் போய் என்ன செய்யப்போகிறான் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அலை மோதுகிற பாறையில் அந்தச் சிப்பிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும், ஆட்கள் உளியும் வலைப்பையுமாக முங்கிப் பெயர்த்து எடுப்பார்கள், அலை தூக்கிப் பாறையில் அடித்தால் மண்டை உடையும் என்றாய். வேலைக்கு மனுப்போட நீ அங்கே போயிருந்தபோது உன் கண்ணெதிரிலேயே அலை ஒருவரைப் பாறையில் அடித்து, ஆட்கள் தூக்கி வந்ததையும் சொன்னாய். அவர் பிழைக்கவில்லை. அவருடைய வீட்டில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது, அதற்குத் தொட்டுக்கொள்ளத்தான் அவர் சிப்பி எடுக்கப் போனார் என்றாய். ‘பாறைக்குப் போகாம, அலை இல்லாத இடத்துல கயித்துல வளர்த்துட்டா யாரும் சாக வேண்டாம்லா அம்மா’ என்றாய். அன்றைக்கே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நான் சைவம், கட்டையில் போகும்வரை சைவம்தான். அதற்காக இன்னொரு வீட்டு அடுப்பில் என்ன வேக வேண்டும் என்று நான் சட்டம் போட முடியாது. நீ செய்கிற வேலை சமைக்கிற வேலை அல்ல. ஒரு மனிதன் அலையில் அடிபட்டுச் சாகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. இதில் எனக்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

போன தைப்பொங்கலுக்கு நீ ஒரு தகரப் பீப்பாயில் கடல்தண்ணீர் ஊற்றி, அதில் பாறையிலிருந்து பெயர்த்த சிப்பிகளைக் கொண்டுவந்தாயே, அது என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. முற்றத்தில் வைத்து எனக்குப் பாடம் நடத்தினாய். பழுப்பாக இருப்பது நம் பக்கத்துச் சிப்பி, கன்னியாகுமரியிலிருந்து கொல்லம் பக்கம்வரை பாறையில் கிடைப்பது என்றாய். ஓரத்தில் பச்சைக் கரை போட்டதுபோல் இருப்பது மலையாளத்து வடக்கே நிறைய, இதைவிடப் பெரிசாக வளரும், அங்கே கல்லுமேக்காய் என்பார்கள் என்றாய். ‘காய்னு பேரு வச்சிருக்காங்களே, அப்ப சைவம்தான்னு பெரியப்பாட்ட சொல்லிருவோமா?’ என்று நான் கேட்க, நீ சிரித்த சிரிப்பில் பீப்பாய்த் தண்ணீர் தளும்பியது. ஐரோப்பாவில் கறுநீலமாக ஒரு வகை உண்டு, ஒரு தேசத்தில் சேற்றில் கழி நட்டு அதில் ஏற்றி வளர்ப்பார்கள், இன்னொரு தேசத்தில் குஞ்சுகளை வாரிக்கொண்டுபோய் ஆழமில்லாத கடலடியில் நாற்று மாதிரி விதைத்துவிட்டு வருவார்கள், வேறொரு தேசத்தில் தெப்பம் கட்டி அதிலிருந்து கயிறு தொங்கவிட்டு வளர்ப்பார்கள் என்றெல்லாம் சொன்னாய். நம் கடலுக்குத் தெப்பமும் கயிறும்தான் சரிப்படும் என்பது உன் கட்சி. தீனி போட வேண்டாம், உரம் வேண்டாம், அது பாட்டுக்குக் கடல்தண்ணீரைக் குடித்து வடிகட்டி அதிலேயே வளர்ந்துகொள்ளும் என்றபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. மழைக்கு வானத்தைப் பார்த்துப் பார்த்தே கழுத்து நோகிற ஊரில் பிறந்தவள் வேறு எப்படி நினைப்பேன்!

மறுநாள் காலையில் உன் அப்பா செய்த காரியத்தை நீ மறந்திருக்க மாட்டாய். சிப்பிகள் வாய் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தார். ‘பாவம், தவிச்சுப் போய் கெடக்கு’ என்று ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரைப் பீப்பாயில் ஊற்றிவிட்டார். நல்லதண்ணீர் அதற்கு ஆகாது என்று அந்த மனிதருக்கு யார் சொன்னார்கள்? பொழுது சாய்வதற்குள் அத்தனையும் செத்து வாய் பிளந்தது. மாட்டுப்பொங்கல் அன்று தெருவே நாறியது. நீ தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தாய், உன் அப்பா பக்கத்தில் நின்று கண் கலங்கினார். எதிர்வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அப்படித்தான் நம் வீட்டில் சிப்பி இருக்கிற சேதி தெருத்தெருவாகப் போய்ப் பெரியப்பா காதில் விழுந்தது. அதற்கு முன்னால் நீ ஏதோ சர்க்கார் உத்தியோகம் என்றுதான் அவர் ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது துணிக்கு வருகிறேன். அதுதானே இத்தனைக்கும் காரணம்.

பாறையிலிருந்து சுரண்டிய நகத்தளவு குஞ்சுகளைக் கயிற்றில் எப்படி நிறுத்துவது என்பதுதான் உன் கஷ்டம். துணியில் பரப்பி, நடுவில் கயிற்றை வைத்துச் சுருட்டித் தைத்துத் தொங்கவிட்டால், குஞ்சுகள் தாமாகவே நூல் விட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு துணி தானாக இற்றுப்போக வேண்டும். முந்தின வருஷம் நான் கொடுத்தனுப்பிய அப்பாவின் பழைய வேட்டி கெட்டி நெசவு. இற்றுப்போகவும் இல்லை, தண்ணீரை உள்ளே விடவும் இல்லை. அத்தனை குஞ்சும் உள்ளுக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்தன. ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி போட்டாய். அது பிடிப்பதற்கு முன்பே கிழிந்து எல்லாம் கடலில் கொட்டியது. மேலதிகாரி இன்னும் ஒரு பருவம்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார் என்று அந்தப் பொங்கல் லீவில் முகம் செத்து உட்கார்ந்திருந்தாய். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த ஊர்க்காரிக்கு நூலும் நெசவும் தெரியாதா? மெல்லிசாக, இடைவெளி விட்டு நெய்தது, ஆனால் முறுக்கு நூல், அப்படி ஒரு துணி எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நம் பூஜை அறைப் பெட்டி நிறைய இருந்தது.

ஆடித்தபசுத் திருவிழாவில் நம் குடும்பம் செலவேற்று நடத்துகிற மண்டகப்படி அன்றைக்குக் கோவிலில் சாமிக்குச் சாத்தி மூத்தவர் தலையில் கட்டுகிற பரிவட்டம், உன் தாத்தா காலத்திலிருந்து வருஷா வருஷம் இந்த வீட்டுப் பெட்டிக்குத்தான் வரும். மரியாதை பெரியப்பாவுக்கு, துணியைப் பாதுகாக்கிற வேலை எனக்கு. உடுத்தக்கூடாது, போர்த்தக்கூடாது, தூரப் போடவும் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை வெயிலில் காயவைத்து, பூச்சி அரித்ததை நீவி, வசம்பு போட்டு மடித்து வைப்பேன். கஞ்சி இருக்கிறவரை விறைத்து நிற்கும். கஞ்சி போய்விட்டால் கொசுவலைதான். அலசிப் பிழிந்து, முற்றத்தில் விரித்து, சிப்பிக் குஞ்சுக்குப் பதிலாகப் புளியங்கொட்டையைப் பரப்பி, கிணற்றுக் கயிற்றை நடுவில் வைத்துச் சுருட்டி நீளத் தையல் போட்டுக் காட்டினேன். நீ திகைத்துப் போய், ‘அம்மா, இது பரிவட்டம்லா?’ என்றாய். ‘பரிவட்டம்தான். பூச்சி தின்னுததுக்கு உன் சிப்பி உடுத்தட்டும்’ என்றேன். தெரியாமல் கொடுக்கவில்லை, மறதியாகக் கொடுக்கவில்லை. என்ன துணி என்று நன்றாகத் தெரிந்துதான் பாதிப் பெட்டியை உன் பையில் திணித்தேன்.

சித்திரை முடிவில் நீ எழுதியிருந்தாய், துணி கச்சிதமாக இற்று விழுந்தது, கயிறு தெரியாமல் சிப்பி மூடியிருக்கிறது, இரண்டு பேர் சேர்ந்தாலும் ஒரு கயிற்றைத் தூக்க முடியவில்லை, பாறையில் இருப்பதைவிடச் சீக்கிரமாக வளர்ந்திருக்கிறது, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டே பெண்டுகள் பறித்துப் போனார்கள் என்று. அந்தக் கடிதத்தை உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘யாரும் முங்கலையா?’ என்று கேட்டார். ‘யாரும் முங்கலை’ என்றேன். அன்று இரண்டு கை சோறு கூடவே சாப்பிட்டார்.

பிறகு ஆடி வந்தது. நீயும் தபசுக்கு வந்திருந்தாய். கொடியேறிய மறுநாள், தாத்தாவின் பரிவட்டத்தைத் தன் சம்பந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று பெரியப்பா பெட்டியைத் திறந்தார், பாதிதான் இருந்தது. நான் கிணற்றடியில் இருந்தேன். குடத்தோடு உள்ளே நுழைகிறபோது எல்லாம் முடிந்திருந்தது. ‘நான்தான் எடுத்தேன் பெரியப்பா, சிப்பிக்குச் சுத்தினேன்’ என்று நீ சொல்லிவிட்டிருந்தாய். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போய் நின்றார். நான் வாயெடுக்கப் போனேன். நீ கண்ணால் வேண்டாம் என்றாய். அந்தக் கண்ணுக்காகத்தான் அன்று பேசாமல் இருந்தேன். அன்றைக்கே நீ பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய். பெற்றவளைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பழியை உன் தலையில் கட்டிக்கொண்டாய், இப்போது வேலையையும் விடப் பார்க்கிறாய். உன் மனசு எனக்குத் தெரியும், அதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனாலும் சொல்கிறேன், இந்தக் காப்பாற்றல் எனக்கு வேண்டாம். நான் செய்ததைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே பெரியப்பா இங்கே வந்தார். நீ வரப்போவதாக அவருக்கும் எழுதியிருப்பாய் போல, ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அவர் முகம் பார்த்துப் பேசியதில்லை என்பது உனக்குத் தெரியும். தம்பி மனைவி மூத்தாருக்கு முன்னால் வரக்கூடாது, கதவுக்குப் பின்னால் நின்று காப்பியைத் தள்ளிவிட வேண்டும், பதில் சொல்வதானாலும் உன் அப்பாவிடம் சொல்லி அவர் சொல்ல வேண்டும். அதுதான் இங்கே முறை. அன்று நான் காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கூடத்துக்குப் போனேன்.

‘அத்தான், அந்தத் துணியை எடுத்தது நாயகம் இல்ல. நான். நான்தான் எடுத்துக் குடுத்தேன், தச்சுக் காட்டுனதும் நான்தான்’ என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உன் அப்பாவிடம், ‘ஏலே, அவளை உள்ள போவச் சொல்லு’ என்றார்.

உன் அப்பா அவருடைய அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்றும் அவர் எதிர்த்துப் பேசவில்லை. எழுந்தார், மூலையில் கிடந்த பெஞ்சை இழுத்துக்கொண்டு வந்து பெரியப்பாவுக்கு எதிரே போட்டார். ‘நின்னுக்கிட்டே ஏன் பேசுத? உக்காந்து சொல்லு’ என்றார். நாயகம், கழுத்தில் தாலி ஏறியபோதுகூட நான் அப்படி அழ நினைத்ததில்லை. அழவில்லை. உட்கார்ந்தேன்.

பெரியப்பா வெற்றிலைத் தட்டைத் தள்ளினார். ‘சாமி தலையில கட்டுன துணியை ஊத்தைச் சிப்பிக்குச் சுத்துனவ பேசுதா, நீ பெஞ்சு போடுதியோ?’ என்று உன் அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

‘வெத்தலைக்குத் தடவுதியளே சுண்ணாம்பு, அது எதைச் சுட்டு எடுத்தது அத்தான்?’ என்று கேட்டேன். ‘கிளிஞ்சலைத்தான சுட்டிருக்கான். அந்த ஓட்டுக்குள்ள இருந்தது மட்டும் கத்தரிக்காயா? கோவில்ல ஊதுத சங்குக்குள்ள முன்னால யாரு குடியிருந்தா? அதெல்லாம் ஒங்களுக்கு ஆவும். கடல்ல ஒருத்தன் சாவாம இருக்க எம்புள்ள ரெண்டு முழத் துணி சுத்துனா ஆவாதோ?’

அவர் வாயில் இருந்த வெற்றிலையை மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. எழுந்து வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தார். ‘இந்த வீடு இனி மண்டகப்படியில இல்ல. பங்காளிமார்ட்ட சொல்லிருதேன். இவனுக்கு எவன் பொண்ணு குடுக்கான்னு பாக்கேன்’ என்றார். முதல் தடவையாக அதை என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

‘தெரிஞ்சு வாரவ வரட்டும் அத்தான். சிப்பி நாத்தம் பொறுக்காதவ இங்க வந்து என்ன செய்ய?’ என்று நான் சொன்னபோது அவர் படி இறங்கியிருந்தார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், கவனமாகக் கேள். பெரியப்பா கெட்டவர் இல்லை. உனக்குக் காய்ச்சல் கண்டபோது தென்காசி டாக்டரிடம் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். அந்த நன்றியை நீ எந்த நாளும் மறக்கக்கூடாது. அதற்கு ஈடாக உன் வேலையைக் கொடுக்கவும் கூடாது. அவர் கேட்பது உன் நன்மை இல்லை, தன் தலையில் கட்டுகிற துணிக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்கிற வீம்பு. பெரியவர்கள் காலில் விழு, வேண்டாம் என்று சொல்லவில்லை. விழுந்த பிறகு எழுந்து உன் வேலைக்குப் போ. பணிவு வேறு, பயம் வேறு. இந்தக் குடும்பத்தில் இரண்டையும் ஒன்றாகவே பழக்கிவிட்டார்கள். நானும் அப்படித்தான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். வெளியே வந்து பார்த்தால் கூடம் ஒன்றும் அவ்வளவு பெரிசு இல்லை.

சொன்னபடியே செய்தார்கள். நம் மண்டகப்படி நாளன்று பங்காளிகள் எல்லாருக்கும் ஆள் வந்தது, நமக்கு வரவில்லை. உன் அப்பா விடியக்காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, எங்கே போவது என்று தெரியாமல் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். ‘வாங்க, நாம போவோம்’ என்றேன். ‘கூப்பிடாம எப்படிப் போவ?’ என்றார். ‘கோமதி அம்மை கூப்பிட வேண்டாம்னு சொன்னாளா?’ என்று கேட்டு நடந்தேன். பின்னாலேயே வந்தார்.

இத்தனை வருஷமும் அந்த நாளில் மண்டபத்துக்கு உள்ளே, பெண்டுகளோடு ஓர் ஓரமாக நின்றுதான் பார்த்திருக்கிறேன். பெரியப்பா தலைக்கு மேலே கொஞ்சம் புகையும் விளக்கும் தெரியும், அவ்வளவுதான். இந்தத் தடவை தெருவில், கரிவலத்திலிருந்தும் மற்ற கிராமங்களிலிருந்தும் மாட்டுவண்டி கட்டி வந்த ஜனங்களுக்கு நடுவில் நின்றோம். யாரோ ஒரு குடியானவப் பெண் என் தோளில் கையூன்றி எக்கிப் பார்த்தாள். யாரோ பருத்திப் பொதிபோல் ஒரு பிள்ளையை உன் அப்பா கையில் கொடுத்து, ‘கொஞ்சம் பிடிங்க அண்ணாச்சி’ என்று சொல்லிவிட்டுத் துண்டை இறுக்கிக் கட்டினான். சப்பரம் திரும்பியது. கோமதி அம்மையை முழுசாக, நேருக்கு நேராக, அன்றைக்குத்தான் பார்த்தேன். உன் அப்பா அந்தப் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். எங்களை யாரும் போ என்று சொல்லவில்லை.

ஆகவே, எதற்குப் பயந்து நீ வேலையை விடுகிறாயோ, அது நடந்து முடிந்துவிட்டது. எங்களிடமிருந்து எடுப்பதற்கு இனி அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. இன்னும் எதைக் காப்பாற்ற நீ ஓடி வருகிறாய்? அப்படியே வந்தாலும் தாலுகா ஆபீசுக்கு உன்னை அனுப்ப எனக்கு மனசில்லை, அடுத்த பஸ்சிலேயே திருப்பி அனுப்புவேன். வாசற்படியில் சோறு போடுவேன், உள்ளே படுக்கப் பாய் போட மாட்டேன். உன் அம்மா சொன்னால் செய்வாள் என்று உனக்குத் தெரியும்.

புரட்டாசி பிறந்ததும் பாறையில் புதுக் குஞ்சு பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறாய். நானும் உன் அப்பாவும் வருகிறோம். கடலில் இறங்க எனக்குப் பயம்தான், கரையில் உட்கார்ந்து தைப்பேன். கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கொன்றதற்குப் பிராயச்சித்தமாகக் கயிறு பிடிக்கிறேன் என்று அவர் சொல்கிறார். எங்கள் சமையலுக்குத் தனி அடுப்பு மட்டும் பார்த்து வை.

மாசக் கடைசிக்குள் பதில் போடு. தெப்பம் இந்த மழைக்காற்றைத் தாங்கியதா, கயிறு எத்தனை கட்டப்போகிறாய், எவ்வளவு துணி வேண்டும், அதை மட்டும் எழுது. மீதிப் பெட்டியையும் கஞ்சி போக அலசிப் போட்டுவிட்டேன், தெருவைப் பார்த்த கொடியில்தான் காய்கிறது.

உன் அம்மா